நடு அளவுக்காரி

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருந்தால் இந்த வரி உனக்குத் தெரியப்போவதில்லை. கிழிக்கவில்லை என்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார். பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுவதால் கொஞ்சம் நீளும். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு கவுன் வெட்டித் தைத்துத் தரவேண்டும். முழுக்கை, முழங்காலுக்குக் கீழே இறங்கவேண்டும், கருநீலம்.

கடையில் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்பாய். போன வாரம் போனேன். என்னோடு இரண்டு பேர். ஒருத்தி எதிர்வீட்டுத் தபாலம்மா. அஞ்சலகத்தில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்றபோது நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தாளாம், ஆனால் அதன் அகலம் அவளோடு வந்துவிட்டதாம். இன்னொருத்தி மாடிவீட்டு டீச்சர். அவளுக்குத் தன் கழுத்தைப் பிடிக்காது. வெயில் கொளுத்தும்போதும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, "கழுத்துக்கு மட்டும் எழுபது வயசு, எனக்கு அறுபத்தஞ்சுதான்" என்பாள்.

விற்கிற பெண் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ ஒன்றை விரித்துக் காட்டினாள். "ஆன்ட்டி, உங்க வயசுக்கு இது நல்லா ஃப்ரீயா இருக்கும்."

"ஃப்ரீயான்னா? உள்ளே ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைக்கலாம் போலிருக்கே" என்றாள் தபாலம்மா.

டீச்சர் வீம்புக்கு ஒரு இறுக்கமான உடுப்பைத் தலைவழியே மாட்டினாள். பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கையும் மேலே, முகம் உள்ளே. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். "மெதுவாடி! உள்ளே நான் இருக்கேன்!" என்று துணிக்குள்ளிருந்து குரல். கடை முழுக்க எங்களைப் பார்த்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எனக்கும் அறுபத்திரண்டு ஆகிவிட்டது. உடம்பில் இருந்ததெல்லாம் ஒரு மாடி கீழே குடிபோய்விட்டது. முகவாயில் ஒரு முடி வாரம் தவறாமல் வருகிறது. சொந்தக்காரர்கள் யாரும் அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

அளவு எழுதுகிறேன்: மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பது, இடுப்புக்குக் கீழே நாற்பது, தோள் பதினைந்து. மார்ச் நடுவில் வேண்டும்.

அக்கா

•

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழிக்கும் அளவுக்குக்கூட எனக்குள் எதுவும் மிச்சமில்லை என்று எழுதலாம். அது பொய் என்பதால் எழுதவில்லை.

முப்பத்தெட்டு, முப்பது, நாற்பது. தோள் பதினைந்து. இந்த எண்களை எனக்கு அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது? சாம்பிள் அறைச் சுவரில் இருபது வருடம் ஒட்டியிருந்த தாள் எனக்கு மறந்துபோகும் என்று நினைத்தாயா? ஆலையில் தைத்த ஒவ்வொரு புது உடுப்பையும் முதலில் உன்மேல்தான் போட்டுப் பார்த்தார்கள். நடு அளவு என்றால் நீ. உன் உடம்பை வைத்துத்தான் பெரியதும் சிறியதும் கணக்கிட்டோம். வருடத்துக்கு ஒருமுறை உன்னை அளப்பார்கள். பழைய கட்டிங் மாஸ்டர் டேப்பை இழுத்துப் பிடிப்பார், நீ மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாய், முப்பது என்று எழுதுவார். அவர் ஓய்வு பெற்ற வருடம் டேப் என் கைக்கு வந்தது. நான் இழுக்கவில்லை. விதி அனுமதித்ததைவிட அரை அங்குலம் கூடுதல். அப்படியே எழுதினேன். அடுத்த மாதம் உன் இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள்.

அதற்காக நீ என்னை அறைந்திருக்கலாம். நான் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ என்ன செய்தாய்? வழியனுப்பும் தேநீரின்போது, எண்பது பேருக்கு முன்னால், "எனக்கு இடுப்புல அரை அங்குலம் கூடிப்போச்சு, என் தம்பிக்கு நெஞ்சுல அரை அங்குலம் குறைஞ்சுபோச்சு" என்றாய். மேனேஜர் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து நான் அரையங்குலம். இலக்கியத்தில் முதுகலை படித்தவன், முப்பது வருடம் கத்தரி பிடித்தவன், எல்லாம் போய் அரையங்குலம். தலைமை மாஸ்டர் பதவிக்கு என்னைவிடப் பதினோரு வயது சின்னவனை எடுத்தபோது, "அரையங்குலம் கண்டிப்பான ஆளாச்சே, ஆளுங்களோட ஒத்துப்போவாரா?" என்றுதான் பேசிக்கொண்டார்களாம். போன மாதம் சேர்ந்த பெண் என்னை "அரையங்குலம் சார்" என்று கூப்பிடுகிறாள். கேலியில்லை, மரியாதையாகத்தான். அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பழைய தாளில் இருந்ததை எழுதி அனுப்பி, இன்னொரு முறை சிரிக்கப் பார்க்கிறாய். உன் கூட்டாளிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. கவுன் தைக்க ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தம்பி

•

பிப்ரவரி 16

தம்பிக்கு,

கேலி இல்லையடா. உண்மையாகவே இல்லை.

அந்தத் தேநீர்ப் பேச்சு பேசிய அன்று மாலையே எனக்குக் கசந்தது. நீ சுவரோரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அழுதுவிடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அழுகை நின்றது. உன் கணக்கில் அது எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை. மறுநாள் வந்து சொல்லியிருக்கவேண்டும். மறுநாள் போகாதவள் பிறகு போகவே இல்லை.

இப்போது எண்களுக்கு வருகிறேன். என்னால் என்னை அளக்க முடியவில்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இடது கை தோளுக்கு மேலே வராது. டேப்பை முதுகுப்பக்கம் கொண்டுபோக இரண்டு கை வேண்டும்.

தபாலம்மாவைக் கேட்டிருக்கலாம்தான். இருபது வருடம் கண்டவர்களும் என்னைத் தொட்டு அளந்தார்கள், மேலேயே வைத்து ஊசி குத்தினார்கள், ஒருநாளும் கூசியதில்லை. இப்போது கூசுகிறது. மனப்பாடமாகத் தெரிந்தது அந்த நான்கு எண்கள்தான். எழுதிவிட்டேன். எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடது பக்கம் இப்போது ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் காலுறைதான் இளமையாக இருக்கிறது. ஒருநாள் பேருந்தில் குலுங்கிக் குலுங்கி அது கழுத்தோரம் வந்துவிட்டது. டீச்சர் காதோடு, "ஏய், அது எங்கே கிளம்பிட்டுது? டிக்கெட் எடுத்தியா அதுக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அது வேறு ஏதோவாகிவிட்டது.

என் பெண், உன் மருமகள், மார்ச் 20ஆம் தேதி வருகிறாள். நான்கு நாள். இரண்டு வருடம் கழித்து வருகிறாள். அவளுக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது. போனில் முகத்தை மட்டும்தான் காட்டுவேன். அவள் அப்பா படுத்தபோது படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். விட்ட இடத்துக்குத் திரும்பிப்போக ஏழு வருடம் ஆனது. இப்போதுதான் ஒரு வேலை, அதுவும் ஆகஸ்டில்தான் நிரந்தரம். தெரிந்தால் மறுபடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவாள். நான் பழையபடி இருக்கிறேன் என்று அவள் பார்த்துவிட்டுப் போகவேண்டும். காலுறையால் அது ஆகாது. உன்னால் ஆகும்.

அளவில் பொய் சொல்லாத ஆள் நீ ஒருவன்தான் எனக்குத் தெரியும். உன்னிடம் ஒரு பொய்யைத் தைத்துத் தரச் சொல்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. நீ சிரிக்காதே.

அக்கா

•

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

28ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரைக்கு வருகிறேன். டேப் நான் கொண்டுவருகிறேன். சாப்பாடு வேண்டாம். உன் கூட்டாளிகள் இருக்கக் கூடாது. அளந்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

தம்பி

•

மார்ச் 3

அக்காவுக்கு,

துணி வாங்கிவிட்டேன். கருநீலம் கிடைத்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் மற்றதை எழுதவேண்டும். உன் வீட்டில் எனக்கு வாய் வரவில்லை.

மார்பு முப்பத்திரண்டு. இடுப்பு இருபத்தாறு. வலது தோளைவிட இடது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை அளந்திருக்கிறேன். ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு எழுதமுடியாமல் நின்றது இதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அளக்கச் சொன்னாய். நான் டேப்பை இடுப்பில் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்தாய். "எதுக்கு?" என்றேன். "பழக்கம்டா" என்றாய். நீ சிரித்தாய். அந்த இடத்தில் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பென்சில் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தது நீ சொல்லித்தான். அந்த மருத்துவமனை அட்டை அங்கே இருப்பதை நீ மறந்திருப்பாய். அதில் மூன்று தேதிகள். மூன்றும் கடந்துபோனவை. ஒன்றுக்குக்கூட நீ போகவில்லை.

"அது ஒண்ணுமில்லடா. முதுகெலும்புல கொஞ்சம் வந்திருக்காம். மருந்து ஏத்தணுமாம்."

"போகவேண்டியதுதானே?"

"ஆறு மாசம் வீட்டு ஆள் யாராவது கூட இருந்து கவனிக்கணுமாம். எனக்கு யாரு இருக்கா?"

இதை நீ என்னிடம் கேட்டபோது நான் கழுத்தில் டேப்போடு உன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கவனிக்காமல் கேட்டாயா, கவனித்துத்தான் கேட்டாயா என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

கவுன் தைத்துத் தருகிறேன். ஆனால் ஒன்று. உன் பெண் 24ஆம் தேதி கிளம்புகிறாள். 26ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் உனக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். நான் வாசலில் நிற்பேன். வருகிறேன் என்று கைப்பட எழுதி அனுப்பு. பிறகுதான் கத்தரியைத் தொடுவேன்.

தம்பி

•

மார்ச் 6

வருகிறேன். கைப்பட எழுதியாகிவிட்டது. வெட்டு.

அக்கா

•

மார்ச் 15

தம்பிக்கு,

பொட்டலம் நேற்று வந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கமே திறக்கும்படி வைத்திருக்கிறாய், கையைத் தூக்கவே தேவையில்லை. இடது பக்கம் உள்ளே மெல்லிய துணியாக அடுக்கி அடுக்கித் தைத்திருப்பதைத் தடவிப் பார்த்தேன். பதினோரு அடுக்கு. தோளுக்கு அடியில் ஒரு மெத்தை. கண்ணாடியில் ஐம்பது வயதில் நின்ற ஒருத்தி தெரிந்தாள். நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டேன்.

பிறகு கூட்டாளிகளுக்குக் கதவைத் திறந்தேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். தபாலம்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "உன் தம்பி உள்ளே வேற ஒருத்திய வச்சுத் தச்சிருக்காரு. எனக்கும் ஒண்ணு சொல்லு, உள்ளே கொஞ்சம் ஒல்லியான ஆளா வைக்கச் சொல்லு" என்றாள்.

நன்றாகத் தைத்திருக்கிறாய். இதை அந்த ஆலையில் உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

அக்கா

•

மார்ச் 27

தம்பிக்கு,

நேற்று வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாய் என்று தெரியாது. திட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் மருமகள் வந்தாள். கதவைத் திறந்ததும், "அம்மா! அப்படியே இருக்கம்மா நீ! எப்படிம்மா?" என்றாள். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருக்கிறது என்றாள். வயசாகலையாடி என்றேன். அதோடு சரி. நான்கு நாளும் அதே கவுன். அவள் வெளியே சிநேகிதிகளைப் பார்க்கப் போகிற நேரத்தில் துவைத்து, மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டு, வருவதற்குள் மாட்டிக்கொள்வேன். "வேற டிரஸ்ஸே இல்லையாம்மா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். இது உன் மாமா தைத்தது என்றேன். மாமா பேசிட்டாரா என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாம் நாள் சோபாவில் என்மேல் சாய்ந்து படம் பார்த்தாள். அவள் கன்னம் சரியாக இடது பக்கம், உன் பதினோரு அடுக்குக்கு மேலே. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தாள். எனக்கு அவள் கன்னம் தெரியவில்லை. சூடு, கனம், எதுவும் வரவில்லை. குனிந்து பார்த்துத்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

அப்போது ஒரு புத்தி வந்தது. கண்டுபிடித்துவிடட்டுமே என்று. அதுவரை தெரியக்கூடாது, தெரியக்கூடாது என்று இருந்தவளுக்கு எப்படி அப்படி ஆனதென்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அவள் எதிரில் மாடிப்படி ஏறினேன். நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். "எனக்கும்தான்மா, ஜிம்முக்குப் போறதே இல்ல" என்றாள். கிளம்புகிற அன்று மேல் பட்டன் இரண்டைப் போடாமல் விட்டேன். உள்ளே தையல் தழும்பின் நுனி தெரியும். அவள் கிட்டே வந்தாள். "பட்டன் போடும்மா, காத்து அடிக்குது" என்று போட்டுவிட்டாள். அந்த நேரம் அவளுக்கு வண்டிக்காரர் போன் செய்துகொண்டிருந்தார். முத்தம் கொடுத்தாள், போய்விட்டாள்.

அவள்மேல் குறை இல்லை. நான் கேட்டது நடந்தது. நான்தான் இப்படி.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு மருத்துவமனைக்குக் கிளம்பத்தான் எழுந்தேன். பீரோவைத் திறந்து நின்றேன். எதைப் போடுவது என்று தெரியவில்லை. கவுனைப் போட்டுக்கொண்டு போனால் டாக்டர் கழற்றச் சொல்வார். மற்றதெல்லாம் தொளதொள. கட்டிலில் உட்கார்ந்தேன். பெற்ற பெண்ணே நான்கு நாள் பக்கத்தில் இருந்து பார்க்காத உடம்பு. இது இருந்தால் என்ன, போனால் என்ன என்று தோன்றியது. மணி ஒன்பதாகிவிட்டது. பத்தாகிவிட்டது. தபாலம்மா வந்து கதவைத் தட்டினாள். ஊருக்குப் போயிருக்கிறேன் என்று உள்ளிருந்தே சொன்னேன். "சரி, வந்ததும் சொல்லு" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இனிமேல் தேதி வாங்காதே.

அக்கா

•

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எட்டு மணியிலிருந்து ஒன்றரை வரை நின்றேன். காவலாளி இரண்டு முறை வந்து உள்ளே உட்காரச் சொன்னார். மூன்றாம் முறை அவரே நாற்காலி கொண்டுவந்து போட்டார். நடுவில் அங்கிருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். நோயாளியோடு இருக்கும் வீட்டு ஆள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். ஆலைக்கு ஆறு மாத விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். தருவார்களா தெரியாது. தராவிட்டாலும் நான் போகப்போவதில்லை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றே உன் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன், முதுகெலும்பு, நீ போகாமல் விட்ட தேதிகள், அன்றுவரை நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் இழுக்கவில்லை, குறைக்கவில்லை.

முதலில் ஒவ்வொரு தேதியையும் திரும்பக் கேட்டாள். பிறகு, "நான் அவங்க மேலேயே சாஞ்சிருந்தேனே மாமா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் கவனித்துவிட்டாள், உனக்காகத் தெரியாததுபோல் இருந்தாள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி இல்லை. அவள் கவனிக்கவில்லை. காரணம் அவள் கண் இல்லை. அந்தக் கவுனைத் தைத்தவன் நான். எவர் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்று ஐந்து நாள் உட்கார்ந்து தைத்தேன். இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் செய்ததில்லை. கன்னத்தை வைத்துப் படுத்தவளுக்குக்கூடத் தெரியவில்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது, முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். உன் தம்பி இப்படிப்பட்டவன்தான்.

அவள் ஐந்தாம் தேதி வருகிறாள். வேலையைப் பற்றிக் கேட்டேன். அது என் பாடு என்றாள். ஆறு மாதமும் அவள் இருக்கமாட்டாள், நான் சம்மதிக்கமாட்டேன். மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். மீதிக்கு நான் இருக்கிறேன். இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே சரி என்றாள்.

நீ சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். அந்த அரை அங்குலத்துக்குப் பிறகு இது இரண்டாம் தடவை. கோபித்துக்கொள். எத்தனை வருடம் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. அத்தனை வருடமும் நீ இருக்கவேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு வண்டியோடு உன் வாசலுக்கு வருகிறேன். உன் தபாலம்மாவும் வரட்டும், டீச்சரும் வரட்டும், வண்டியில் இடம் இருக்கிறது. கதவைத் திறக்காவிட்டால் நானும் படியில் உட்கார்ந்துகொள்வேன். கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வா. தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை.

தம்பி